நெடுந்தூர நீச்சல்காரர் போட்டியை விட்டபின் ஏன் உடம்பு போடுகிறார்?

நெடுந்தூர நீச்சல் என்றால் குளத்தில் 800, 1500 மீட்டர்; திறந்த நீரில் 10 கிலோமீட்டர்; அப்புறம் கடல் நீரிணைகள். வேகத்தைவிட, ஒரே சீராக மணிக்கணக்கில் கை போடுவதுதான் இதில் முக்கியம். வாளையார் வழியாக லோடு ஏற்றிப்போகும் லாரியை, பாலக்காட்டுப் பக்கத்து எங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் தினமும் பார்க்கிறோம். சீறாமல், நிற்காமல் போகும். டீசல் மட்டும் நிறையக் குடிக்கும். பயிற்சிக் காலத்தில் நீச்சல்காரரின் சாப்பாடும் அப்படித்தான்.

இந்தப் பிழைப்பு நெடுநாள் ஓடுவதில்லை. ஸ்பான்சர் கிடைப்பது குதிரைக்கொம்பு. 1966-ல் இந்திய நீச்சல்காரர் மிகிர் சென் ஒரே ஆண்டில் ஐந்து நீரிணை, கால்வாய்களை நீந்தினார். 1994-ல் 12 வயதிலேயே பாக் நீரிணையைக் கடந்த தமிழ்நாட்டு நீச்சல்காரர் குற்றாலீஸ்வரன், 1997-ல் ஆறு கடல்வழிகளை நீந்தி அதை முந்தினார். அப்புறம் அவரே பொறியியல் படித்து வேலைக்குப் போனார்.

சரி, உடம்பு? பயிற்சி நின்றாலும் பசி உடனே குறைவதில்லை. லாரி ஷெட்டில் நிற்கிறது, டீசல் மட்டும் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். மூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடும், எடையைத் தண்ணீர் தாங்கியதால், தோள்பட்டைதான் பாவம்.

நீச்சலை விட்டால் தசையே கொழுப்பாக மாறிவிடும் என்பார்கள். மாறாது, இரண்டும் வேறு வேறு திசுக்கள்.