சேரும்போதே தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி: அப்பா கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி. நான் சட்டம் முடித்துவிட்டு, லண்டனில் ஒரு பன்னாட்டுச் சட்ட நிறுவனத்தில் பயிற்சி வழக்கறிஞராகச் செப்டம்பரில் சேர்கிறேன். அங்கே என்ன வேலை தருவார்கள்? தவறு செய்தால் அனுப்பிவிடுவார்களா? ராத்திரி என் குரலைக் கேட்காமல் அம்மா தூங்கமாட்டார். அதற்கு என்ன செய்வது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: பயிற்சி இரண்டு வருடம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு துறை என்று நான்கு துறைகளில் வைப்பார்கள். ஒவ்வொன்றையும் ‘சீட்’ என்பார்கள். வழக்குத் துறை என்றால் ஆவணக் கட்டு தயாரிப்பது, பக்க எண் போடுவது, அட்டவணை சரிபார்ப்பது.

கம்பெனி வாங்கல் விற்றல் துறையோ கடன் துறையோ கிடைத்தால், கையெழுத்துப் பக்கங்களைச் சேகரிக்கும் பொறுப்பு உங்களிடம் வரும். எளிதாகத் தெரியும். ஆனால் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். வரைவு பல தடவை மாறும். நாலாவது வரைவுக்கு வாங்கிய கையெழுத்தைக் கழற்றி ஒன்பதாவது வரைவில் சேர்க்கக் கூடாது. 2008-இல் மெர்க்குரி வழக்கில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் இதில் உள்ள ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. அதனால் ‘டீட்’ வகைப் பத்திரம் (சட்டம் சொல்லும் முறைப்படியே கையெழுத்திட வேண்டியது) என்றால் இறுதி வடிவத்தையே அனுப்புங்கள். கையெழுத்திட்ட பக்கத்தின் ஸ்கேனோடு அந்த முழுப் பத்திரத்தையும் ஒரே மின்னஞ்சலில் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

பக்கம் வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். அது காலியாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் உறுதியாகும் தருணத்தில்தான் போடுவார்கள். பழக்கதோஷத்தில் பலர் எழுதிவிடுவார்கள். டீட் பத்திரத்தில் கம்பெனிக்காக ஒரே இயக்குநர் கையெழுத்திட்டிருந்தால் சாட்சி கட்டாயம் (2006 கம்பெனிகள் சட்டம், பிரிவு 44). சாட்சி பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் பார்த்தேன் என்பதை நம்பி இறங்காதீர்கள். சாட்சியின் பெயரும் முகவரியும் விடுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு நாள் முன்னால் கண்டுபிடித்தால் மறுபடி வாங்கிவிடலாம். பணம் கைமாற அரை மணி இருக்கும்போது அந்த இயக்குநர் விமானத்தில் இருந்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்தது நேரக் கணக்கு, அதாவது எந்தக் கட்சிக்காரரின் வேலைக்கு எவ்வளவு நேரம் செலவழித்தீர்கள் என்ற பதிவு. ஆறு நிமிடம் ஒரு யூனிட், மணிக்குப் பத்து. அப்பா பசுந்தேயிலை எடை போட்ட கையோடு நோட்டில் குறித்துக்கொள்வார் இல்லையா, அதே மாதிரி வேலை முடிந்ததும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யோசித்து எழுதினால் பாதி மறந்திருக்கும். ‘ஆவணம் படித்தேன்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஆவணம், எதற்காக என்று வேண்டும். மெதுவாகச் செய்தோமே என்று கூச்சப்பட்டு நேரத்தைக் குறைத்து எழுதவே எழுதாதீர்கள். கட்சிக்காரரிடம் எவ்வளவு வசூலிப்பது என்பது பார்ட்னர் (நிறுவனத்தின் பங்குதாரரான மூத்த வழக்கறிஞர்) எடுக்கும் முடிவு. நீங்கள் குறைத்தால் அடுத்த வேலைக்கு அவர் போடும் மதிப்பீடும் தப்பாகும்.

யாராவது வேலை கொடுத்தால் நோட்டு இல்லாமல் எதிரே நிற்காதீர்கள். இது யாருக்குப் போகிறது, எப்போது வேண்டும், எத்தனை மணி நேரம் செலவழிக்கலாம், எந்தக் கோப்பு எண்ணில் நேரத்தை எழுதுவது: இவ்வளவையும் அங்கேயே கேளுங்கள். மறுநாள் போய்க் கேட்பதுதான் சங்கடம்.

தவறு நடக்கும். தப்பான நபருக்கு மின்னஞ்சல் போய்விட்டது என்று வையுங்கள். நீங்களாகச் சரிசெய்யப் போகாமல், அந்த நிமிடமே மேற்பார்வையாளரிடம் எழுந்து போய் என்ன நடந்தது, யாருக்குப் போனது, இணைப்பில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். ஒரு தவறுக்காக அனுப்பிவிடமாட்டார்கள். மறைப்பது நேர்மைக் குறைவாகப் பார்க்கப்படும். அதனால் தொழிலையே இழந்தவர்கள் உண்டு. இந்த ஒன்றில் தயவுசெய்து தயங்காதீர்கள் அம்மா.

வீட்டுக்குப் பேசும் நேரத்தை இப்போதே மாற்றிப் பழக்குங்கள். லண்டனில் நீங்கள் வேலை முடித்து எழும்போது கோத்தகிரியில் நள்ளிரவு தாண்டியிருக்கலாம். காலை ஏழு மணிக்குக் கிளம்பும் முன் அழைத்தால் அம்மாவுக்குப் பகல் பதினொன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை பன்னிரண்டரை என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.