நாலு மாசத்து ரத்தக்கட்டிக்கு எந்தக் கோட்?

தங்கச்சி, நோய்க்குக் கோட் எண் போடுற மெடிக்கல் கோடிங் வேலையில, கீழக்கரை வீட்டிலிருந்தே பார்க்கிற அமெரிக்க நோயாளி சார்ட்டுல 'வலது கால் டி.வி.டி. (DVT, ஆழ்சிரையில ரத்தக்கட்டி), அபிக்ஸபான் (ரத்தம் உறையாம தடுக்கிற மருந்து) தொடரவும்'னு மட்டும் இருக்கு, நாலு மாசமாச்சேன்னு இப்ப இல்லாத பழைய வரலாறா இசட்86.718 (Z86.718) போட்டேன், கோடிங்கைச் சரிபார்க்கிற ஆடிட்டர் தப்புன்னுட்டார்னு எழுதியிருக்கீங்க. அவர் சொன்னது சரிதான்.

மருந்து இப்ப இருக்கிற கட்டிக்கான சிகிச்சையா, திரும்ப வராம தடுக்கவா? டாக்டர்தான் எழுதணும். இத்தனை மாசம் தாண்டினா நாள்பட்டதுன்னு விதியில கணக்கே கிடையாது. எங்க மண்டபம் ஊர் மீன் ஏலத்துல புது மீனா, ஐஸ் மீனா, கருவாடான்னு மோந்தே சொல்லிடுவாங்க. கட்டியில அது நடக்காது.

புதுசுன்னா ஐ82.4 (I82.4), நாள்பட்டதுன்னா ஐ82.5. டாப்ளர் ஸ்கேன்ல போஸ்டீரியர் டிபியல் சிரைன்னு (கெண்டைக்கால் ஆழ்சிரைகள்ல ஒண்ணு) இருந்து, புதுசுன்னு டாக்டர் சொன்னா, ஐ82.441. அதே மாதிரி பெரோனியல் சிரைன்னா ஐ82.451, கெண்டைக்கால் தசைச் சிரைன்னா ஐ82.461. இந்த ரெண்டும் 2019 அக்டோபர்லதான் வந்துச்சு, பழைய புத்தகத்துல தேடாதீங்க. கடைசி இலக்கம் 1 வலது, 2 இடது, 3 ரெண்டு காலும். அபிக்ஸபான் நீண்டகாலமா ஓடினா, அதுக்கான இசட்79.01-ஐயும் சேருங்க.

டாக்டருக்குக் குவெரி (விளக்கம் கேட்கிற கேள்வி) அனுப்புறப்போ 'நாள்பட்டதுதானே?'ன்னு கேட்டுடாதீங்க, அதுக்கும் ஆடிட்டர் பிடிப்பார். புதுசு, நாள்பட்டது, வரலாறு, வேறு, சொல்ல இயலாதுன்னு எல்லாத்தையும் முன்னால வச்சு அவரையே டிக் பண்ண விடுங்க.