வெளிநாட்டு வேலைக்கான காசு யார் கணக்கில் வரவேண்டும்?

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஏஏடி என்ற கணக்கியல் படிப்பை முடித்துவிட்டு, அவுஸ்திரேலியாவில் உள்ள ஒரு சிறிய பிளம்பிங் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். மின்னஞ்சல் பார்ப்பது, பில் அனுப்புவது, நேரம் ஒதுக்கிக் கொடுப்பது போன்ற உதவியாளர் வேலைகளும் உண்டு. இன்னொரு வாடிக்கையாளரும் சேரப்போகிறார். இருவரிடமிருந்தும் மாதம் 2 இலட்சம் ரூபாய் அளவுக்கு வரும். ஹட்டனில் ஒருவர், "கம்பனி பதியாமல் சம்பாதித்தால் இன்லேண்ட் ரெவனியூ பிடித்துவிடும். 45,000 தாருங்கள், கம்பனி, டின் நம்பர் (வரிப் பதிவு எண்) எல்லாம் எடுத்துத் தருகிறேன். அதுவரை காசை என் வெளிநாட்டுக் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள், நூற்றுக்கு எட்டு கழித்துக் கையில் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது அக்கா?

பதில்: அந்த 45,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. அதைவிட முக்கியம், உங்கள் காசில் ஒரு டொலர்கூட அவர் கணக்குக்குப் போகக்கூடாது. கம்பனி விஷயத்தை ஆறுதலாகப் பேசலாம். காசு விஷயத்தை இன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

நீங்கள் கணக்குப் படித்தவர், கணக்காகவே பார்ப்போம். மாதம் 2 இலட்சம் என்றால் வருடத்துக்கு 24 இலட்சம். நூற்றுக்கு எட்டு என்று அவர் கழிப்பது வருடத்துக்கு 1,92,000 ரூபாய். இப்போது வரியைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் ஒருவருக்கு வருடத்தில் முதல் 18 இலட்சம் ரூபாய் வருமானத்துக்கு வரி இல்லை. மிச்சம் 6 இலட்சம். அதற்கு 6 வீதம், அதாவது 36,000 ரூபாய். இன்டர்நெட் பில், லெப்டொப்பின் தேய்மானம், வேலைக்கான மென்பொருள் கட்டணம் எல்லாம் செலவாகக் கழித்தால் அதுவும் குறையும். முப்பத்தாறாயிரம் ரூபாய் வரிக்குப் பயந்து ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்தைப் புரோக்கரிடம் கொடுப்பதா? வரியைக் கட்டினால் ரசீது கிடைக்கும். அவரிடம் கொடுத்ததற்கு உங்கள் கையில் என்ன இருக்கும்?

வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவையின் வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை வரிவிலக்கு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் மலையகம் முழுக்க இப்படிப்பட்ட ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுகிற பாதி இதுதான்: அதே வருமானம் வெளிநாட்டு நாணயமாக வங்கி ஊடாக இலங்கைக்கு வந்தால், வரி எவ்வளவு ஏறினாலும் 15 வீதத்துக்கு மேல் போகாது. உங்கள் இப்போதைய வருமானத்தில் இதனால் வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் நாளை மாதம் 3 இலட்சம் உழைக்கிறீர்கள் என்று வையுங்கள். வருடத்துக்கு 36 இலட்சம். 18 இலட்சம் போக மிச்சம் 18 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மிகுதி 8 இலட்சத்துக்கு 15 வீதப்படி 1,20,000, மொத்தம் 1,80,000 ரூபாய். அதே காசை யாரோ ஒருவர் உறையில் போட்டுக் கையில் தந்தால், வங்கி ஊடாக வந்தது என்று காட்ட உங்களிடம் துண்டுக் கடதாசிகூட இருக்காது. அப்போது 18 வீதம், 24 வீதம் என்று சாதாரண படிகளில் ஏறி 2,22,000 ரூபாய் ஆகிவிடும்.

வரியைக்கூட விடுங்கள். ஒரு நாள் வீட்டுக் கடனுக்கோ மேற்படிப்புக்கோ வங்கிக்குப் போவீர்கள். மூன்று வருடம் உழைத்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். உங்கள் கணக்குக் கூற்றில் ஒன்றும் இருக்காது. உழைத்தது நீங்கள், வருமானம் உள்ளவராகப் பதிவில் இருப்பது அவர். அவர் ஒரு நாள் தொலைபேசியை நிறுத்திவிட்டால் எந்தப் பொலிஸில் போய் என்ன முறைப்பாடு கொடுப்பீர்கள்? வெளியில் ஒருவர் வாங்கி, இங்கே இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு ஊரில் உண்டியல் என்றுதான் பெயர். லெப்டொப்பில் செய்தாலும் அது உண்டியல்தான். இப்படிப்பட்ட கணக்குகளில் சந்தேகம் வந்தால் வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. விசாரணை வந்தால் அவர் கணக்கோடு தொடர்புள்ள ஆட்கள் வரிசையில் உங்கள் பெயரும் நிற்கும்.

இதன் மறுபக்கமும் நடக்கிறது. "உங்களுடைய கணக்கு நம்பரைக் கொஞ்சம் தாருங்கள், ஒரு காசு வரும், எடுத்துத் தந்தால் ஐயாயிரம் உங்களுக்கு" என்று தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் வேலை தேடும் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். எங்கிருந்து வந்த காசு, யாரை ஏமாற்றி எடுத்த காசு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கணக்கு முடக்கப்படுவது அந்தப் பிள்ளையுடையது, பொலிஸுக்கு அலைவதும் அந்தப் பிள்ளைதான். கணக்கு எழுதத் தெரிந்த நீங்கள் உங்கள் தோட்டத்துத் தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவின் கணக்கு, அண்ணாவின் கணக்கு என்று போவதையும் நிறுத்துங்கள். வீட்டு ஆட்கள் நல்லவர்கள்தான், ஆனால் வருமானம் அவர்களுடையதாகத்தான் எழுதப்படும்.

உங்கள் பெயரிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கும். அதே வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறக்கக் கேளுங்கள். வாடிக்கையாளர் நேரடியாக வங்கி மாற்றமாக அனுப்பலாம். பேயோனியர், வைஸ் போன்ற இணையவழிக் காசு அனுப்பும் சேவைகளும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இப்படிப்பட்ட சேவைகளில் சில, காசை உள்ளூர் வங்கி ஒன்றிலிருந்து ரூபாயாக உங்கள் கணக்கில் போட்டுவிடும். கூற்றில் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆள் அனுப்பியதுபோல இருக்கும். அப்படி வந்தால் அந்தச் சேவையின் ரசீதையும், வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கு வங்கி தரும் கடிதத்தையும் மாதாமாதம் எடுத்து வையுங்கள். வருடக் கடைசியில் போய்க் கேட்டால் கவுண்டரில் இருப்பவர்கள் உங்களை மூன்று மேசைக்கு அலைக்கழிப்பார்கள்.

இனி கம்பனி. உங்களுக்குக் கம்பனி தேவையில்லை. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்தால் செயலாளர், ஆண்டறிக்கை, கணக்காய்வு என்று வருடம் தவறாமல் செலவு. அந்தச் செலவுகளும் ஹட்டன்காரர் ஊடாகத்தான் போகும். அவர் கம்பனி, கம்பனி என்று சொல்வது அதனால்தான்.

சரி, பிரதேச செயலகத்தில் எடுக்கும் வணிகப் பெயர்ப் பதிவாவது, அதுதான் பிஆர் என்று சொல்கிறோமே, அது வேண்டுமா? உங்கள் சொந்தப் பெயரிலேயே வேலை செய்தால் அதுவும் கட்டாயமில்லை. இதைப் பலர் தெரியாமல் காசைக் கரைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சொந்தப் பெயர் என்றால் அடையாள அட்டையில் உள்ள பெயர், அல்லது அதே பெயர் முதலெழுத்தோடு. பின்னால் ஒரு வால்கூட ஒட்டக்கூடாது. பெயருக்குப் பின்னால் "சேவிசஸ்" என்று போட்டால், "அன் கோ" என்று போட்டால், மகளின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைத்தால் அது வணிகப் பெயர், அதைப் பதியவேண்டும். பில்லில் சொந்தப் பெயரை வைத்துவிட்டு, முகநூல் பக்கத்திலும் மின்னஞ்சல் அடியிலும் வேறு பெயர் போட்டு வேலை பிடித்தால் அதுவும் வணிகப் பெயர்தான். ஆகவே முதல் இரண்டு வருடம் பெயர் ஆசையை ஒத்திவையுங்கள்.

சொந்தப் பெயரிலும் மலையகத்தில் ஒரு சிக்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி பெயர் இருக்கும். தமிழ் தெரியாத ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியது தலைமுறை தலைமுறையாக நம்மோடு வருகிறது. யாரோ செய்த பிழையைத் திருத்தக் கூலிநாளை விட்டுவிட்டுக் கந்தோர் கந்தோராக நிற்கவேண்டியவர் தோட்டத்து ஆள். இதை எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. நீங்கள் செய்யவேண்டியது: அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை வங்கியில் அப்படியே பதியவையுங்கள். பில்லிலும் வாடிக்கையாளரோடு செய்யும் ஒப்பந்தத்திலும் அதே எழுத்துக்கூட்டல். ஓர் எழுத்து மாறினாலும் வெளிநாட்டுக் காசு திரும்பிப் போகலாம்.

பின்னாளில் பிஆர் எடுக்கவேண்டி வந்தால் தொழில் நடக்கும் இடத்துக்கான ஆவணம் கேட்பார்கள். லயத்து வீட்டுக்கு உறுதிப்பத்திரம் எங்கே இருக்கிறது? முதல் ஆட்கள் கோப்பித் தோட்டத்துக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். இன்னும் பல வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் போகிறது. அந்த நேரத்தில் தோட்ட முகாமையாளரிடம் சம்மதக் கடிதமும் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழும் எடுங்கள். டவுனில் உள்ள சொந்தக்காரர் முகவரியைக் கொடுக்காதீர்கள், அடையாள அட்டையோடு பொருந்தாது. படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது என்றால் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகங்கள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தமிழில் கேட்பது உங்கள் உரிமை. அந்தப் படிவம் கிடைக்காததால்தான் வாசலில் நின்று நிரப்பித் தருகிற ஆளுக்குப் பிழைப்பு நடக்கிறது.

டின் நம்பருக்கு ஒரு சதமும் இல்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஏற்றி நீங்களே விண்ணப்பிக்கலாம். இலவசமாகக் கிடைப்பதைத்தான் அவர் 45,000க்குள் சேர்த்து விற்கிறார். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, வருமான விபரத்தைத் திணைக்களத்துக்குக் காட்டும் விபரத்திரட்டு நவம்பர் 30க்குள். ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளில் தவணை கட்டவேண்டும். பில், கூற்று, செலவு ரசீது எல்லாவற்றையும் ஐந்து வருடம் வைத்திருங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போய், லயத்துக் கூரை ஒழுகுகிற ஊரில் ஒரு பிரதி லெப்டொப்புக்கு வெளியிலும் இருக்கட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர் அவுஸ்திரேலியர். அந்த நாட்டில் ஜீஎஸ்டி (பொருள் சேவை வரி) விபரத்திரட்டை, அதாவது பாஸ் என்பதை, கூலிக்குத் தயாரித்துக் கொடுக்கவோ அதுபற்றி ஆலோசனை சொல்லவோ அவர்களுடைய வரித் தொழில்முறையாளர் சபையில் பதிந்திருக்கவேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அது. நீங்கள் பில்களைப் பதியுங்கள், வங்கிக் கூற்றோடு ஒப்பிடுங்கள், கடனாளிப் பட்டியல் அனுப்புங்கள். ஒரு செலவுக்கு ஜீஎஸ்டி சேருமா, சேராதா என்று முடிவெடுப்பதை அவர்களுடைய பதிவு பெற்ற ஆளிடம் விடுங்கள். "நீயே அனுப்பிவிடு" என்று வாடிக்கையாளர் அன்பாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அவருடைய கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போகவும் வேண்டாம். ஸீரோ, குவிக்புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருள்களில் உங்களைத் தனிப் பயனராகச் சேர்க்கலாம், அப்படிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே புதிய வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்ன வேலை, மாதம் எவ்வளவு, எந்த நாணயம், எந்தத் திகதி, எந்தக் கணக்கு என்ற ஐந்தையும் எழுதி, சம்மதம் என்று பதில் போடச் சொல்லுங்கள். அந்தப் பதிலை அச்சடித்து, முதல் பில்லோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். ஹட்டன்காரருக்கு வேறு விளக்கம் தேவையில்லை, என் பெயரில் கணக்கு இருக்கிறது என்று சொன்னால் போதும். ஏற்கெனவே ஏதாவது காசு அவர் கணக்குக்குப் போயிருந்தால், எவ்வளவு, எந்தத் திகதி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.