வாசகர் கேள்வி-பதில்: யூதப் பண்டிகைகளின் தேதி ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது?

கேள்வி: ஹனுக்கா 2024-ல் டிசம்பர் 25 மாலை தொடங்கியது, 2025-ல் டிசம்பர் 14 மாலையே வந்துவிட்டது. பஸ்காவும் இப்படித்தான் முன்னும் பின்னும் போகிறது. யூதர்களுக்கு நிலையான தேதி என்று ஒன்று கிடையாதா?

பதில்: இருக்கிறது, அதுவும் ரொம்பக் கறாரான தேதி. ஹனுக்கா எப்போதும் கிஸ்லேவ் மாதம் 25-ம் நாள்தான் தொடங்கும். பஸ்கா நீசான் 15, நோன்பு நாளான யோம் கிப்பூர் திஷ்ரி 10. எபிரேய நாட்காட்டியில் இதெல்லாம் இம்மி நகராது. நம் கையில் இருக்கும் ஆங்கில நாட்காட்டியில் வைத்துப் பார்ப்பதால்தான் ஓடுவதுபோல் தெரிகிறது.

எபிரேய மாதம் பிறையில் பிறந்து அடுத்த பிறை வரை ஓடும், 29 அல்லது 30 நாள். அப்படிப் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாள்தான் ஆகும். சூரிய ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 11 நாள் குறைகிறது. இதை அப்படியே விட்டால் இஸ்லாமிய நாட்காட்டியில் ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவதுபோல பஸ்காவும் சுற்றிவரும், அதில் தவறொன்றுமில்லை. ஆனால் யூத வேதமான தோரா பஸ்காவை இளவேனில் மாதத்தில் கொண்டாடச் சொல்கிறது, பார்லி கதிர் முற்றும் காலத்தில். ஆக நிலவையும் விடக்கூடாது, சூரியனையும் விடக்கூடாது. அதற்காகத்தான் சில ஆண்டுகளில் நீசானுக்கு முந்தைய ஆதார் மாதத்தை இரண்டாக்கி, பதின்மூன்று மாதம் வைத்துக்கொள்கிறார்கள்.

19 ஆண்டுக்கு ஒரு சுற்று. அதில் 3, 6, 8, 11, 14, 17, 19-ம் ஆண்டுகளுக்குக் கூடுதல் மாதம். மொத்தம் 235 மாதங்கள். 19 சூரிய ஆண்டுகளையும் 235 நிலா மாதங்களையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு மணி நேரச் சொச்சம்தான் வித்தியாசம், இது பாபிலோனியர்களுக்கும் கிரேக்க வானியலாளர் மெட்டனுக்கும் முன்பே தெரிந்த கணக்கு. இப்போது பஸ்காவைப் பாருங்கள்: 2024-ல் ஏப்ரல் 22 மாலை, 2025-ல் ஏப்ரல் 12 மாலை, 2026-ல் ஏப்ரல் 1 மாலை, அப்புறம் 2027-ல் ஒரேயடியாக ஏப்ரல் 21 மாலைக்குத் தாவுகிறது, ஏனென்றால் எபிரேய ஆண்டு 5787 சுற்றின் 11-வது ஆண்டு, அதில் இரண்டு ஆதார்.

கேள்வி: இந்தக் கணக்கெல்லாம் வருவதற்கு முன்னால் மாதம் பிறந்ததை எப்படி முடிவு செய்தார்கள்?

பதில்: கண்ணால் பார்த்துத்தான். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம், நாட்காட்டி விஷயத்தில் இதைவிட அழகான பகுதி வேறு இல்லை.

மேற்கு வானத்தில் புதுப் பிறையைப் பார்த்தவர்கள் எருசலேமுக்கு வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாளில் நீண்ட பயணம் கூடாது என்ற விதியைக்கூட இதற்காக மீறலாம். பேத் யாசெக் என்ற பெரிய முற்றத்தில் அவர்களை உட்கார வைத்து நல்ல விருந்து போட்டார்கள், அடுத்த மாதமும் ஆட்கள் ஆர்வமாக வரவேண்டும் என்பதற்காக. விசாரணை லேசுப்பட்டதல்ல. சூரியனுக்கு முன்னால் பார்த்தாயா பின்னாலா, வடக்கிலா தெற்கிலா, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எவ்வளவு அகலம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு, இருவர் சொல்வதும் பொருந்தினால்தான் ஏற்பார்கள். சூதாடிகள், வட்டிக்கு விடுபவர்கள் சாட்சி செல்லாது. நீதிமன்றத் தலைவரான ரப்பான் கமாலியேல் தன் மாடி அறைச் சுவரில் நிலவின் வெவ்வேறு வடிவங்களை வரைந்து வைத்திருந்தார், படிப்பறிவில்லாத சாட்சிகளிடம் 'இப்படியா, இப்படியா' என்று காட்டிக் கேட்பதற்கு.

மாதம் பிறந்தது உறுதியானதும் ஒலிவ மலை உச்சியில் தீ மூட்டுவார்கள். நீளமான தேவதாருக் கழிகளின் நுனியில் நாணலும் சணல் நாரும் கட்டிக் கொளுத்தி, அடுத்த மலையில் தீ தெரியும்வரை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்கிருந்து சர்தாபா மலை, அதற்கப்புறம் இன்னொரு மலை என்று பாபிலோனிய யூதர்கள் வரை செய்தி போய்ச் சேரும். பிறகு சமாரியர்கள் வேண்டுமென்றே தப்பான நாளில் தீ மூட்டிக் குழப்பியதால் தீயை விட்டுவிட்டு ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். இத்தனையும் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது.

மிஷ்னாவிலேயே இன்னொரு சம்பவமும் வருகிறது. கமாலியேல் ஒருமுறை இரண்டு சாட்சிகளை ஏற்று மாதத்தை அறிவித்துவிட்டார். ஆனால் அவர்கள் சொன்னதற்கு மறுநாள் இரவு பிறை தெரியவில்லை. அது பொய்ச்சாட்சி என்றார் டோசா பென் ஹர்கினாஸ் என்ற அறிஞர். நேற்றுப் பிள்ளை பெற்றாள் என்கிறீர்கள், இன்று வயிறு பெருத்து நிற்கிறாளே என்று கேட்டார். இன்னொரு அறிஞரான ரப்பி யோசுவாவும் அவர் பக்கம் சாய்ந்தார். உடனே கமாலியேல் யோசுவாவுக்கு ஆள் அனுப்பினார்: உங்கள் கணக்குப்படி எது யோம் கிப்பூரோ, அந்த நாளில் கையில் தடியும் பணமும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். ஆண்டிலேயே புனிதமான, பணத்தைத் தொடவே கூடாத நாளில் தடியும் பணப்பையுமாக நடந்து வா என்றால் அந்த மனிதர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! வேதனையில் இருந்தவரிடம் ரப்பி அகீவா சொன்ன சமாதானம்தான் இதில் முக்கியம்: பண்டிகைகளை 'நீங்கள் அறிவிக்க வேண்டும்' என்றுதான் வேதம் சொல்கிறது, சரியான நேரமோ தவறான நேரமோ, நீதிமன்றம் அறிவித்ததே பண்டிகை. யோசுவா தடியையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு கமாலியேலின் நீதிமன்றம் இருந்த யாவ்னேவுக்குப் போனார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, ஞானத்தில் நீர் என் குரு, என் சொல்லை ஏற்றதால் என் சீடர் என்றார்.

எபிரேய நாட்காட்டி வானியல் மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். நிலவு எங்கே இருக்கிறது என்பதைவிட, எல்லாரும் ஒரே நாளில் நோன்பிருக்கிறார்களா என்பது அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

கேள்வி: இஸ்ரேலில் ஒரு நாள் கொண்டாடும் பண்டிகையை வெளிநாட்டு யூதர்கள் இரண்டு நாள் கொண்டாடுவது ஏன்?

பதில்: மேலே சொன்ன தூதர்கள் தூரதேசங்களுக்குப் பண்டிகைக்குள் போய்ச் சேர முடியவில்லை, போன மாதம் 29 நாளா 30 நாளா என்று தெரியாமல் இரண்டு நாளும் கொண்டாடினார்கள். மரபுப்படி இரண்டாம் ஹில்லெல் சுமார் 359-ல் நிலையான கணக்கை வகுத்துக் கொடுத்தார், அதன்பின் சந்தேகம் தீர்ந்துவிட்டது, ஆனாலும் முன்னோர் வழக்கத்தைக் கைவிடவில்லை. சீர்திருத்த யூதர்களில் பெரும்பாலோர் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். புத்தாண்டான ரோஷ் ஹஷானா மட்டும் இஸ்ரேலிலும் இரண்டு நாள்தான், மாதத்தின் முதல் நாளே பண்டிகை என்பதால் அங்கேயும் சாட்சி வரும்வரை யாருக்கும் தெரியாது.

கேள்வி: ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளியில் வரவே வராது என்கிறார்களே, நிலவுக்குக் கிழமை தெரியுமா?

பதில்: நிலவுக்குத் தெரியாது, கணக்குப் போடுபவர்களுக்குத் தெரியும். புத்தாண்டு புதனில் வந்தால் யோம் கிப்பூர் வெள்ளியில் விழும், வெள்ளியில் வந்தால் ஞாயிறில் விழும். இரண்டிலும் யோம் கிப்பூரும் சனிக்கிழமை ஓய்வுநாளும் ஒட்டி வரும், சமைக்கவோ இறந்தவரை அடக்கம் செய்யவோ முடியாமல் இரண்டு முழு நாள் போய்விடும். ஞாயிறில் வந்தால் திஷ்ரி 21-ம் நாளான ஹோஷானா ரப்பா சனிக்கிழமையில் வரும், அன்று வில்லோ மரக் கொப்புகளைத் தரையில் அடிக்கும் சடங்கை ஓய்வுநாளில் செய்ய முடியாது. அதனால் ஒரு நாள் தள்ளிவிடுவார்கள்.

இன்னும் சில தள்ளிவைப்பு விதிகள் உண்டு, உதாரணமாக அமாவாசைக் கணத்தின் கணக்கு நண்பகலிலோ அதற்குப் பின்போ வந்தாலும் புத்தாண்டு மறுநாளுக்குப் போகும். இந்தத் தள்ளலையெல்லாம் சரிக்கட்ட ஹெஷ்வான், கிஸ்லேவ் இரண்டு மாதமும் 29-க்கும் 30-க்கும் இடையே மாறும், ஆண்டின் நீளமும் 353, 354, 355 நாள், கூடுதல் மாதம் வந்தால் 383, 384, 385 என்று ஆறு விதமாக இருக்கும்.

இஸ்ரேலின் சுதந்திர தினமும் இப்படி நகரும். ஐயார் 5 அதன் தேதி, 2025-ல் அது சனிக்கிழமை விழுந்ததால் முந்தைய வியாழனான மே 1-க்கே கொண்டாடிவிட்டார்கள்.

கேள்வி: கூடுதல் மாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்தநாள் எப்போது?

பதில்: சாதாரண ஆண்டில் ஒரே ஆதார்தான், அதில் வைத்துக்கொள்வார்கள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. 2024-ல் இரண்டு ஆதார் வந்தது. ஒரு பையன் முதல் ஆதார் 25-ல், அதாவது மார்ச் 5-ல் பிறந்தான், இன்னொருவன் பத்து நாள் கழித்து இரண்டாம் ஆதார் 5-ல் பிறந்தான் என்று வையுங்கள். பதின்மூன்று வயதில் பார் மிட்ஸ்வா, அதாவது பையன் மதக் கடமைகளை ஏற்கும் வயதை எட்டும் நாள். அந்த ஆண்டு சாதாரண ஆண்டு. அப்போது இளையவனுக்கு ஆதார் 5-லேயே பதின்மூன்று ஆகிவிடும், மூத்தவன் இன்னும் இருபது நாள் காத்திருக்க வேண்டும்!

கேள்வி: இவ்வளவு பழைய கணக்கு இன்றைக்கும் துல்லியமாக இருக்கிறதா?

பதில்: நிலவு விஷயத்தில் அசந்துபோவீர்கள். ஒரு மணியை 1080 பங்காகப் பிரித்து, ஒரு நிலா மாதம் 29 நாள், 12 மணி, 793 பங்கு என்று வைத்திருக்கிறார்கள். இன்றைய வானியல் சொல்லும் சராசரிக்கும் இதற்கும் அரை வினாடியளவுதான் வேறுபாடு, அதைக்கூடத் தாண்டாது.

சூரியன் பக்கம்தான் கொஞ்சம் கசிகிறது. சராசரி எபிரேய ஆண்டு உண்மையான சூரிய ஆண்டைவிட ஆறரை நிமிடத்துக்குச் சற்று மேல் நீளம், 216 ஆண்டுக்கு ஒரு நாள் பிந்துகிறது. இரண்டாம் ஹில்லெல் காலத்திலிருந்து ஏழெட்டு நாள் சேர்ந்துவிட்டது, அதனால் பஸ்கா மெல்ல மெல்லக் கோடையை நோக்கிப் போகிறது. திருத்தலாமே என்றால், எல்லா யூதர்களும் ஏற்கும் நீதிமன்றம் இன்று இல்லை. சரியான யோசனை யாரிடமாவது இருந்தாலும், பாதிப்பேர் ஏற்றுப் பாதிப்பேர் மறுத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். 920-களின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்து ஆரோன் பென் மெயிருக்கும் பாபிலோனியத் தரப்பில் நின்ற சாதியா காவோனுக்கும் 642 பங்கு, அதாவது சுமார் 36 நிமிடக் கணக்கில் தகராறு வந்து, 922-ல் ஒரு கூட்டம் பஸ்காவை ஞாயிறிலும் இன்னொரு கூட்டம் செவ்வாயிலும் கொண்டாடியது. ஒரு வீட்டில் பஸ்காவுக்காகப் புளித்த அப்பம் விலக்கப்பட்டிருக்க அடுத்த வீட்டில் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்! கடைசியில் சாதியாவின் கணக்கே நிலைத்தது. வசந்தம் கொஞ்சம் தள்ளிப்போவதை அவர்கள் பொறுத்துக்கொள்வது எனக்கு நியாயமாகவே படுகிறது.

கேள்வி: யூத நண்பருக்கு வாழ்த்துச் சொல்ல எந்தத் தேதியைப் பார்ப்பது?

பதில்: அச்சிட்ட நாட்காட்டியில் போட்டிருக்கும் தேதிக்கு முந்தைய நாள் மாலையே பண்டிகை தொடங்கிவிடும், யூத நாள் சூரியன் மறைந்ததும் பிறக்கிறது. 2026-ல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12 சனிக்கிழமை என்று இருந்தால், 11-ம் தேதி வெள்ளி மாலை அங்கே புத்தாண்டு பிறந்தாயிற்று. அனுஷ்டானமாக இருப்பவர்கள் அதன்பின் இரண்டு நாள் போனைத் தொடமாட்டார்கள், அதனால் வெள்ளி மதியத்துக்குள் 'ஷனா தோவா' (நல்ல ஆண்டு) என்று அனுப்பிவிடுங்கள். செப்டம்பர் 20 மாலை தொடங்கும் யோம் கிப்பூருக்குக் கொண்டாட்ட வாழ்த்து வேண்டாம், அன்று உணவும் நீரும் இல்லாத நோன்பு, நோன்பு சிரமமில்லாமல் நிறைவேறட்டும் என்று சொன்னால் போதும்.