காய்ச்சலும் பாய்ச்சலும்: டெல்டாவில் ஏன் பரவவில்லை?

கேள்வி: நெல் வயலில் தண்ணீர் கட்டுவதால் மீத்தேன் உண்டாகிறது என்றும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, நீர் விட்டால் அது குறையும் என்றும் சொல்கிறார்கள். மகசூல் பாதிக்காதா? இவ்வளவு எளிய வழியை டெல்டா விவசாயிகள் ஏன் ஏற்கவில்லை?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு அற்றுப்போகும்போது, அங்குள்ள நுண்ணுயிரிகள் தாளையும் தொழுவுரத்தையும் மட்கச் செய்யும் போக்கில் மீத்தேனை உண்டாக்குகின்றன, அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் இவ்வாயு கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. வயலை இடையிடையே காயவிட்டால் மீத்தேன் பாதியளவு வரைகூடக் குறையும்.

மகசூலைக் காப்பது அளவறிந்து காயவிடுவதில் இருக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முறையில், பக்கவாட்டில் துளையிட்ட ஒரு பிவிசி குழாயை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலில் நீர் நின்றாக வேண்டும். மண் பாளம் பாளமாக வெடிக்கும் வரை விட்டுவிட்டால் மகசூல் நிச்சயம் அடிவாங்கும்.

இது பரவாததற்கு விவசாயியின் அறியாமையைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது. முறை வைத்துத் திறக்கப்படும் வாய்க்காலில் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக்காரர் (வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ளவர்), வந்த தண்ணீரைக் கட்டி வைப்பதுதான் விவேகம். மேல் வயலின் வடிநீரே கீழ் வயலுக்குப் பாசனமாகும் இடங்களில் ஒருவர் மட்டும் தனியாகக் காயவிடவும் இயலாது. சம்பாவில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது இந்தப் பேச்சுக்கே இடமில்லை. போர்வெல் உள்ளவருக்கோ மின்சாரம் இலவசம் என்பதால், மிச்சப்படும் நீர் பணமாகக் கைக்கு வருவதில்லை. மாறாக, களை கூடி ஆள்கூலி ஏறுகிறது. குத்தகைக்கு உழுபவர் இந்தச் செலவை எந்த நம்பிக்கையில் ஏற்பார்?

ஆகவே, முறைத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்து அதன்படி நீர் விடுவதும், களைச் செலவுக்கு உதவித்தொகை தருவதும் அரசின் பொறுப்பு. தங்களிடம் போர்வெல் இருந்தால், வரும் குறுவையில் ஒரு மா (சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தில் மட்டும் செய்து பாருங்கள். களை மிகுந்த வயலானால், நடவுக்குப் பின் இரண்டு மூன்று வாரங்கள் நீர் நிறுத்திக் களையை அடக்கிவிட்டுக் காய்ச்சலைத் தொடங்குங்கள். யூரியாவைப் பிரித்து, தேவைக்கு மிகாமல் இடுங்கள். மிகுந்தால், காய்ந்து நனையும் மண்ணிலிருந்து, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வெளியேறி, மீத்தேனைக் குறைத்த பலனில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.