சதுப்பில் நிற்காத முக்காலி

கேள்வி: கால் வைத்தால் புதையும், கனடாவின் ஹட்சன் விரிகுடாச் சதுப்பை எப்படி அளந்து வரைபடம் போட்டார்கள்? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் ஆறுகளை மட்டும்தான். 1870, 80-களில் கனடா நிலவியல் அளவைத் துறையின் ராபர்ட் பெல் படகில் போய், திசைகாட்டியும் கையுமாக ஆற்று வளைவுகளைக் குறித்தார். கரைக்கு அப்பால் வெற்றுத்தாள்! சதுப்புப் பாசியில் அளவைக் கருவியின் முக்காலியை ஊன்றினால், ஆள் கால் மாற்றி நின்றாலே மட்டம் காட்டும் குமிழி ஓடிவிடும். சேற்றில் லெவல் (உயர அளவு) எடுத்தவன் நான். அந்த எரிச்சல் தெரியும்.

அப்புறம், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விமானப்படை மேலிருந்து படமெடுத்தது. சரி, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோட்டை எங்கே போடுவது? கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிந்தாலே அதிகம். போதாததற்கு, பழைய பனிப்பாளத்தின் பாரம் நீங்கிய அந்த நிலம் நூற்றாண்டுக்குச் சுமார் ஒரு மீட்டர் எழும்புகிறது. கடற்கரைக் கோடும் விலகிக்கொண்டே போகிறது.