முட்டி உயர்ந்தால் மலச்சிக்கல் தீருமா?

கேள்வி: வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கு அடியில் ஸ்டூல் வைத்துக்கொண்டால் மலச்சிக்கல் போய்விடும் என்கிறார்கள். எனக்கு ஆறு வருடத் தொல்லை. வாங்கலாமா?

பதில்: உங்கள் சிக்கல் எந்த இடத்தில் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பெருங்குடலில் மலம் ஊர்ந்து ஊர்ந்து வந்து, வழியிலேயே காய்ந்து இறுகுவது ஒரு வகை. வாசல் வரை வந்துவிட்டு வெளியேறாமல் நிற்பது இன்னொரு வகை. ஸ்டூலுக்கு வேலை இரண்டாவதில்தான். வாரத்துக்கு இரண்டு முறைதான் போகிறது, போகும்போதும் ஆட்டுப் புழுக்கை மாதிரி வருகிறது என்றால், காலை எவ்வளவு உயர்த்தினாலும் புழுக்கை இளகாது. அதற்கு நார்ச்சத்து, தண்ணீர், தேவைப்பட்டால் மலமிளக்கி என்று வேறு வழி பார்க்க வேண்டும்.

வாசலில் என்ன நடக்கிறது? மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தை ஒரு பட்டைத் தசை, கவண் வார் போலப் பின்புறமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துவைத்திருக்கிறது. சும்மா இருக்கும்போது அங்கே ஏறக்குறைய செங்கோண வளைவு இருக்கும். மடங்கிய ரப்பர் குழாயில் தண்ணீர் நிற்பதைப் போல, நாம் அடக்கிவைப்பதற்கு அந்த வளைவும் உதவுகிறது. குந்தி உட்காரும்போது தசை தளர்ந்து வளைவு நிமிர்கிறது. ஜப்பானில் 6 பேரிடம் படமெடுத்து அளந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. சாதாரணமாக உட்கார்ந்தபோது கோணம் சுமார் 100 டிகிரி, குந்தியபோது 126. நாற்காலி நிலையிலேயே தொடையை மட்டும் உயர்த்தியபோது 99 தான்! ஸ்டூல் விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். முட்டியை உயர்த்தினால் மட்டும் போதாது, உடம்பும் முன்னால் சாய வேண்டும்.

2003-ல் வந்த ஓர் ஆய்வில் 28 பேருக்குக் குந்தியபோது சராசரியாக 51 விநாடியில் வேலை முடிந்தது, வழக்கமான உயர இருக்கையில் 130 விநாடி ஆனது. 2019-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 52 பேரை 4 வாரம் கவனித்தபோது, ஸ்டூல் வைத்த பிறகு முக்குவது குறைந்ததாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் இந்த இரண்டிலும் கலந்துகொண்டவர்கள் நாள்பட்ட சிக்கல்காரர்கள் அல்லர், நலமாக இருந்தவர்கள். ஸ்டூல் காலடியில் இருப்பதும் அவர்களுக்குத் தெரியும். எனவே உங்களுக்குப் பலிக்குமா என்பதை நீங்களே சோதிப்பதுதான் சரி.

கேள்வி: சோதிப்பது எப்படி?

பதில்: முதல் 2 வாரம் ஸ்டூல் இல்லாமல், அடுத்த 2 வாரம் ஸ்டூலோடு. ஒரு நோட்டில் ஒவ்வொரு முறையும் ஐந்தே விஷயம் எழுதுங்கள்: உட்கார்ந்த நிமிடங்கள், முக்கலின் அளவு (0 முதல் 3 வரை), பிரிஸ்டல் அளவுகோலின் (மலத்தை அதன் வடிவத்தையும் இறுக்கத்தையும் வைத்துப் பிரிக்கும் படப் பட்டியல்) 7 வகையில் மலம் எந்த வகை, முழுதாகப் போன திருப்தி உண்டா, விரலால் உதவ வேண்டியிருந்ததா. உடனே எழுதுங்கள். சாயங்காலம் யோசித்து எழுதினால் நினைப்புக்கு ஏற்ற மார்க்தான் விழும்.

இந்த 4 வாரமும் சாப்பாடு, தண்ணீர், மருந்து எதையும் மாற்றாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்டூல் வாங்கிய அன்றே இசப்கோலும் ஆரம்பித்துவிட்டு, எல்லாப் புகழையும் ஸ்டூலுக்குக் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சல், பயணம், ஆன்டிபயாட்டிக் நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மலத்தின் வகை அப்படியே இருந்து, நிமிடமும் முக்கலும் குறைந்தால் அது உட்காரும் விதம் செய்த வேலை. வகையே இறுகிய 1, 2-லிருந்து மிருதுவான 4-க்கு வந்துவிட்டால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. கடைசியாக ஒரு வாரம் ஸ்டூலை எடுத்துவிடுங்கள். பழைய தொல்லை திரும்பினால் சந்தேகமே இல்லை.

உயரம்? இருக்கை 40–43 செ.மீ. இருந்தால் ஸ்டூல் 18–23 செ.மீ. முட்டி இடுப்பைவிட உயர்ந்து நிற்க வேண்டும், பாதம் முழுதும் பதிய வேண்டும். சோதனைக்கு ஆடாத பலகைப் பெட்டி ஒன்று போதும். பலித்த பிறகு கடைக்குப் போகலாம்.

கேள்வி: ஒரு மாதமாக ஸ்டூல் வைக்கிறேன். பலன் பூஜ்யம். ஏன்?

பதில்: முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பீர்கள், அல்லது மூச்சைப் பிடித்து முக்குவீர்கள். மூச்சைப் பிடித்து முக்கும்போது பலருக்கு ஆசனவாயும் சேர்ந்தே இறுகிவிடும். ஒரு கதவைத் தள்ளிக்கொண்டே தாழ்ப்பாளையும் போடுகிற கதை. இப்படிச் செய்து பாருங்கள்: சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள், உந்துதல் வரும்போது போங்கள். இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றுங்கள். வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே, அடிவயிறு முன்னால் உப்பும்படி கீழ்நோக்கி அழுத்துங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. 10 நிமிடத்தில் வரவில்லையா, எழுந்துவிடுங்கள். செல்போன் வெளியே இருக்கட்டும்.

2016-ல் வந்த ஆய்வு ஒன்றில், நேராக உட்கார்ந்து வெளியேற்ற முடியாத 22 பேரில் 11 பேருக்கு முன்னால் சாய்ந்ததும் முடிந்தது. மீதிப் பாதிப் பேருக்கு முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் அந்தப் பாதி என்றால் குடல் நோய் மருத்துவரிடம் பலூன் சோதனை பற்றிக் கேளுங்கள். மலக்குடலில் 50 மி.லி. தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை வைத்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளியே தள்ள முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் பெரும்பாலும் தசைகள் ஒத்துழைக்காத கோளாறுதான். அதற்கு, தசை எப்படி இயங்குகிறது என்பதைக் கருவியில் பார்த்துப் பார்த்துச் சரியாகத் தளர்த்தப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சி நல்ல மருந்து.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, 45 வயதுக்குமேல் புதிதாக வந்த மாற்றம் எதுவாக இருந்தாலும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: நான்கு வயது மகன் டாய்லெட்டில் காலைத் தொங்கவிட்டு அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

பதில்: காலுக்குப் பிடிமானம் இல்லாமல் குழந்தையால் தளர முடியாது. இருக்கையில் சிறு வளையம், காலடியில் உறுதியான பலகை, இரண்டும் வையுங்கள். ஏற்கெனவே வலிக்குப் பயந்து அடக்குகிறான் என்றால் முதலில் மலம் இளக வேண்டும். குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம். ஸ்டூல் கொடுக்கலாமா?

பதில்: அறுவை செய்தவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். முதல் சில மாதங்கள் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்று பலருக்குச் சொல்லியிருப்பார்கள், ஸ்டூல் செய்வதே அந்த மடக்கலைத்தான். தலைசுற்றல் உள்ள முதியவர்களுக்கும் எழும்போது கால் தடுக்கும். பக்கத்தில் கைப்பிடி இல்லாமல் வேண்டாம்.

கேள்வி: ஸ்டூலுக்குப் பதில் வெஸ்டர்ன் டாய்லெட் மேலேயே ஏறிக் குந்தலாமே?

பதில்: கூடாது. அந்தப் பீங்கான் உட்காருபவரின் பாரத்துக்குச் செய்தது. விளிம்பில் ஏறி நின்றால் வழுக்கும், உடையவும் செய்யும். உடைந்த பீங்கான் கத்தி போல ஆழமாக வெட்டும்.